படர்க்கையில் ஒரு பிள்ளை

கொரோனா ஊரடங்கு தளர்ந்து, 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. எங்கள் பள்ளி வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு ஒருவரும் கைகழுவும் மருந்தோடு ஒருவரும் நிற்க, உள்ளே வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் முடிதிருத்துபவரும் தயாராக இருந்தனர். ஒன்றரை ஆண்டாக வீட்டில் இருந்த பையன்கள் முடியை வளர்த்துக்கொண்டுதான் வருவார்கள் என்று நிர்வாகம் முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு அது. என் பத்தாம் வகுப்பிலிருந்து ஏழு பேரை உடற்கல்வி ஆசிரியர் பிரித்து நிறுத்தினார். ஆறு பேர் வெட்டிய தலையைத் தடவிச் சிரித்தபடியே வகுப்புக்குப் போனார்கள். ஏழாவது பிள்ளை, தோள்வரை வளர்ந்திருந்த முடியை ரப்பர் பேண்டால் கட்டிச் சட்டைக் காலருக்குள் செருகி வைத்திருந்தது. கத்தரி பட்டதும் அந்தப் பிள்ளை சத்தம் போடவில்லை, திமிறவும் இல்லை. மடியில் விழுந்த முடியை இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் பிடித்துக்கொண்டது. முகக்கவசத்தின் மேல்விளிம்பு நனைந்து நிறம் மாறியதை நான் நான்கடி தூரத்தில் நின்று பார்த்தேன். என்னைக் கடந்து போனபோது, "முடிதானப்பா, வளர்ந்துரும்" என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை.

தென் மாவட்டம் ஒன்றின் சிற்றூரில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். அந்தப் பிள்ளை இன்று கல்லூரியில் படிக்கும் ஒரு திருநங்கை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டபோது, ஊர், பள்ளி, பெயர் மூன்றும் வராமல் எழுதச் சொன்னாள். எழுதியதைப் படித்து, இரண்டு இடங்களை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன். பிள்ளைகளை நல்லபடியாக நடத்த வேண்டும் என்ற விருப்பம் நிறைய ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் இருக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தச் சொல்லில் அது தவறிப்போகிறது என்பதுதான் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். தந்தை லாரி ஓட்டுநர். அன்று லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். தாய் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தவர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "எம்புள்ள ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல டீச்சர்" என்றார். பிறகு கதை வந்தது. தங்கையின் வளையலைப் போட்டுப் பார்த்ததற்காகத் தந்தை பெல்ட்டால் அடித்திருக்கிறார். ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் மேலே, பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவரிடம் கொண்டு போக, அவர் "ஆறு மாதத்தில் சரியாக்கிவிடலாம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மாத்திரையைத் தின்றால் பகலெல்லாம் தூக்கம்தான் வந்திருக்கிறது. ஊரடங்குக் காலம் முழுவதும் இணையவழி வகுப்பில் முகம் காட்டாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்த பிள்ளையை நான் சோம்பேறி என்று குறித்து வைத்திருந்தேன்.

அப்படிச் "சரியாக்கும்" சிகிச்சைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தீர்ப்பளித்திருந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி வீட்டை விட்டு வந்த, ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதைச் சொன்னார். இந்தப் பொருளில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, ஓர் உளவியலரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் தீர்ப்பு எழுதினார். பள்ளிகளுக்கும் அதில் பங்கு உண்டு: பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரிய வைப்பது, பால் பாகுபாடில்லாத கழிப்பறை ஏற்படுத்துவது, சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் மாற்ற வழி செய்வது என்று அது விரிகிறது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆக, வேப்பமரத்தடியில் நாற்காலி போட்ட நாளில் அந்தத் தீர்ப்புக்கு வயது மூன்று மாதம். அது எங்கள் ஆசிரியர் அறை வரைக்கும் வந்து சேரவில்லை. ஒரு தீர்ப்பு தன்னால் நடந்து பள்ளிக்கு வராது. யாராவது அச்செடுத்துக் கொண்டுவந்து தலைமையாசிரியரின் மேசையில் வைக்க வேண்டும். அதை நான் செய்தது அடுத்த ஆண்டில்.

அவள் திரும்பி வந்தாள். அக்டோபரில் ஒரு நாள் இலக்கணத்தில் மூவிடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று கட்டம் போட்டு, வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று நிரப்பினேன். வகுப்பில் எப்போதும் கை தூக்காத அவள் அன்று கை தூக்கினாள். "தமிழம்மா, வந்தேன்னு சொன்னா ஆணா பொண்ணான்னு தெரியாது. வந்தாய்னு சொன்னாலும் தெரியாது. மத்தவங்க நம்மளப் பத்திப் பேசுறப்ப மட்டும் ஏன் தெரியுது?" என்று கேட்டாள். எதிரே இருப்பவரும் பேசுபவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், அதனால் தேவையில்லை. படர்க்கையில் இருப்பவர் கண்ணுக்கு முன் இல்லாததால் சொல் அடையாளம் காட்டுகிறது என்று ஒரு விளக்கம் சொன்னேன். தலையாட்டி உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் திருத்த வந்த கட்டுரை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நான்கு வரி இருந்தது. "என்னைப் பற்றிப் பேசும்போது 'ள்' போட்டுப் பேசுவீர்களா? வகுப்பில் வேண்டாம். நாம் இருவர் மட்டும் இருக்கும்போது போதும். இதைப் படித்ததும் அழித்துவிடுங்கள்."

அழித்தேன். ஆனால் அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல், நல்லெண்ணத்தோடுதான், உடன் பணிபுரிந்த இருவரிடம் யோசனை கேட்டேன். மறுநாள் மதிய உணவு வேளைக்குள் ஆசிரியர் அறை முழுவதும் தெரிந்திருந்தது. வார இறுதிக்குள் கடைத்தெருவில் அவளுடைய தந்தையின் காதுக்குப் போயிருந்தது. அந்த இரவு அவளுக்கு நடந்ததை அவள் நீக்கச் சொன்ன பகுதிகளில் ஒன்றாக எழுதியிருந்தேன். ஆகவே என் அனுபவத்தில் எல்லாவற்றுக்கும் முதலாவதாக நான் சொல்வது இதைத்தான்: ஒரு பிள்ளை தன்னைப் பற்றி உங்களிடம் சொன்னால், அது அந்தப் பிள்ளையின் சொத்து. பெற்றோரிடம், தலைமையாசிரியரிடம், ஆலோசகரிடம், உங்கள் கணவரிடம் அல்லது மனைவியிடம் சொல்வதற்கு முன்னால்கூட, "யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது, நான் யாரிடமாவது பேச வேண்டுமா" என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். அப்போதும், அழைக்கப்போகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டே அழையுங்கள். என்னிடம் சொன்னதற்காக அவள் அடிபட்டாள். அதற்குப் பிறகும் என்னோடு பேசினாள் என்பது அவளுடைய பெருந்தன்மை.

'ள்' விகுதிக்கு வருகிறேன். வகுப்பில் வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். 'ன்' போட்டுச் சொல்ல என் நாக்கு இனி வரவில்லை. அப்போதுதான் கரும்பலகைக் கட்டத்தில் நானே எழுதிய 'வந்தார்' கண்ணில் பட்டது. உயர்வுப் பன்மையில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. ஆனால் ஒரு மாணவரை மட்டும் 'ர்' போட்டுச் சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், வகுப்பிலிருந்த நாற்பத்திரண்டு பேரையும் 'ர்' போட்டே பேசத் தொடங்கினேன். "அடுத்த பத்தியை இவர் படிப்பார்", "நேற்று வராதவர் குறிப்பு வாங்கிக்கொள்ளலாம்." முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் பழகிவிட்டது. முன்வரிசைப் பெண்ணொருத்தி, "எங்க வீட்ல யாருமே என்னை 'ர்' போட்டுச் சொன்னதில்ல தமிழம்மா" என்றாள். அது நான் எதிர்பாராத பலன். வருகைப்பதிவையும் பெயர் சொல்லாமல் எண் சொல்லி எடுத்துப் பார்த்தேன். ஆனால் எண் ஒன்பது வந்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்த எண்ணை இந்தப் பிள்ளைகள் மீது வசையாக எறிவது நம் ஊர் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். கணக்கு வகுப்பில் விடை ஒன்பது என்று வரும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எண் முறையை அன்றே விட்டேன். முதலெழுத்தோடு குடும்பப் பெயர் போலத் தந்தை பெயரைச் சொல்லி அழைத்தேன்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் "பிள்ளை பிடித்துக்கொண்டது" என்று அஃறிணையில் எழுதியிருக்கிறேன். அதுவும் யோசித்து எழுதியதுதான். ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும், பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும் சொல்லலாம் என்று நன்னூல் பெயரியல் விதிக்கிறது. எண்ணூறு ஆண்டுப் பழமையான ஓர் இலக்கண நூல், அவர்கள் எதை விரும்புகிறார்களோ அதையே பாலாகக் கொண்டிருக்கிறது. அதே நூற்பா, இருவரையும் அஃறிணை போலவும் வழங்கலாம் என்று முடிகிறது. தெருவில் "அது போகுது பாரு" என்று கைகாட்டுகிறவரின் வாயில் அந்த அஃறிணை கல்லாக இருக்கிறது. "எம்புள்ள சாப்பிட்டுச்சா" என்று கேட்கிற தாயின் வாயிலும் அதே அஃறிணைதான் இருக்கிறது. வேண்டும் என்றே 'அது' என்பவரைத் திருத்த வேண்டும். தாயைத் திருத்தப் போகக் கூடாது. இந்த வேறுபாட்டை நான் மெல்லத்தான் கற்றேன்.

கழிப்பறை இன்னும் அவசரமான காரியமாக இருந்தது. காலை எட்டே முக்காலுக்கு வந்து மாலை நாலரைக்குப் போகும் வரை அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. பையன்கள் கழிப்பறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; அங்கே அவளுக்கு இரண்டு முறை நடந்ததைச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. நவம்பரில் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டார்கள். பள்ளியில் சாய்தளத்தோடு மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை ஒன்று கட்டப்பட்டு, உடைந்த பெஞ்சுகள் அடுக்கப்பட்டு, பூட்டிக் கிடந்தது. அதன் சாவியை அவளிடம் தனியாகக் கொடுப்பதாகத்தான் முதலில் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். அவள் மறுத்துவிட்டாள், சாவி வாங்கப் போகும் ஒவ்வொரு முறையும் அலுவலக அறை முழுவதும் தன்னைப் பார்க்கும் என்றாள். பெஞ்சுகளை அகற்றி, உள்தாழ்ப்பாள் போட்டு, யார் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்தே வைத்த பிறகுதான் அவள் பையில் தண்ணீர் பாட்டில் வந்தது. ஒரு பிள்ளைக்காகச் செய்யும் ஏற்பாட்டை எல்லோருக்குமாகச் செய்தால்தான் அந்தப் பிள்ளைக்குப் பயன்படுகிறது. செலவு ஒரு தாழ்ப்பாளும் அரைநாள் கூலியும். சீருடையில் நாங்கள் தோற்றோம். கால்சட்டை, சட்டையோடுதான் அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள்.

இதற்கெல்லாம் வழிகாட்டும் கையேடு எதுவும் இல்லையா என்று அந்த டிசம்பரில் தேடினேன். பிறப்பில் பதிவான பாலோடு ஒன்றாத, திருநர் எனப்படும் குழந்தைகளைப் பள்ளியில் எப்படிச் சேர்த்து நடத்துவது என்று ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு வெளியிட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் 2021 நவம்பரில் அதைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. நான் தேடத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு. எந்தச் சொல்லால் குறிப்பது என்பதற்காவது 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயர் நீதிமன்ற வழிகாட்டுதலின்பேரில் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. மற்றபடி நான் கற்றவை எல்லாம் திருநங்கையர் சொல்லக் கேட்டவை.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் இட்லிக் கடை நடத்தும் ஐம்பது வயதுத் திருநங்கை அவர். தாயிடம் நான் நான்கு முறை பேசியும் ஒன்றும் அசையவில்லை. சட்டம் சொன்னேன், மருத்துவம் சொன்னேன், "சரிங்க டீச்சர்" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய சம்மதத்தோடு அந்த இட்லிக் கடை அம்மாவை ஒரு மாலை அழைத்துப் போனேன். வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. திண்ணையில் கீழே அமர்ந்து, தீப்பெட்டிக் கட்டைத் தம் பக்கம் இழுத்து வைத்து ஒட்டத் தொடங்கினார். சிறுவயதில் அவரும் அதே வேலை செய்தவராம். கால்மணி நேரம் கூலி எவ்வளவு, பசை யார் காய்ச்சுகிறார்கள் என்பதுதான் பேச்சு. பிறகு கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "நான் பதினாறு வயசுல வீட்ட விட்டுப் போனேன்க்கா. எங்கம்மா செத்து கருமாதி முடிஞ்சு பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் எனக்குச் சேதி வந்துச்சு" என்றார். அவளுடைய தாய் ஒட்டுவதை நிறுத்தினார். அன்று இரவு, கழுத்தில் கட்டியிருந்த மந்திரித்த கயிற்றைத் தாயே அறுத்து எடுத்தார் என்று அவள் என்னிடம் சொன்னாள். பிள்ளை இப்படி இருக்கிறதே என்ற கவலையில் இருக்கும் பெற்றோருக்கு, இப்படியே ஐம்பது வயது வரை வாழ்ந்து, உழைத்து, எதிரே அமர்ந்து பேசும் ஒருவரைக் காட்டுவதைவிட வேறு எந்தப் பேச்சும் பயன்படவில்லை.

வீட்டை விட்டுப் போகும் அந்தப் பதினாறு, பதினேழு வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 4,87,803 பேர் 'பிறர்' என்ற பாலினப் பகுப்பில் பதிவானார்கள். தமிழ்நாட்டில் 22,364 பேர். நாட்டின் மொத்த எழுத்தறிவு 74 விழுக்காடாக இருந்தபோது அவர்களிடையே 56 விழுக்காடு. வகுப்பறையிலிருந்து பிள்ளைகள் வெளியேறுவதை நேரில் பார்த்தவளுக்கு அந்த இடைவெளியில் வியப்பு இல்லை. திருநர் பாதுகாப்புக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டம், திருநர் என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையை நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும், வீட்டை விட்டோ ஊரை விட்டோ ஒருவரை விரட்டினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றும் விதித்தது. ஆனால் பிள்ளை வீட்டில் தங்க வேண்டுமானால், அதற்கு வீட்டில் யாராவது ஒருவர் போதும் என்பதைத்தான் நான் கண்டேன். இரண்டு பேரும் மாற வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாய், ஒரு பாட்டி, ஒரு சித்தி, யாராவது ஒருவர்.

2022 கோடை விடுமுறையில் தாயும் அவளும் நானும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே திருநருக்கெனச் சிறப்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் உண்டு. மருத்துவர் தாயைப் பார்த்து முதலில் சொன்னது, "உங்க பிள்ளைக்கு நோய் எதுவும் இல்லம்மா" என்பதுதான். உலக சுகாதார நிறுவனமே 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது என்பதைப் பொறுமையாக விளக்கினார். பிறகு அவளிடம் தனியே பேசியபோது ஒன்று வெளிவந்தது: தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி நான்கு மாதமாக விழுங்கிவந்திருக்கிறாள். குரல் உடைந்துவிடுமே என்ற பயம். மேற்பார்வை இல்லாமல் அதை எடுத்தால் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு என்று மருத்துவர் நிறுத்தச் சொன்னார்; பதினெட்டு வயதுக்கு முன் அறுவை சிகிச்சை கிடையாது, அதுவரை ஆலோசனைக்கு வரலாம் என்றார். பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போவதற்கு அஞ்சும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் கூட்டிப் போகாவிட்டால் பிள்ளைகள் தாமே மருந்து தேடிக்கொள்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு ஊக்கம் கொடுப்பதற்காக, திருநங்கையரில் முதல் ஆளாகக் காவல் உதவி ஆய்வாளர் ஆன பிரித்திகா யாஷினியைப் பற்றியும், பொறியியல் படித்த கிரேஸ் பானுவைப் பற்றியும், பத்மஸ்ரீ பெற்ற மதுரை நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜைப் பற்றியும் செய்தித்தாள் துணுக்குகளைச் சேர்த்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள். சில நாள் கழித்து, "முதல் ஆளா வரணும்னு எல்லாம் எனக்கு ஆசையில்ல தமிழம்மா. சும்மா பி.காம். படிச்சு, ஒரு கடையில கணக்கு எழுதணும்" என்றாள். அந்தச் சொல் எனக்குப் பாடமாக இருந்தது. சாதித்தால்தான் ஏற்றுக்கொள்வோம் என்ற நிபந்தனையை அன்போடு அவள் தலையில் நான் ஏற்றியிருந்தேன். சாதாரணமாகப் படித்து, சாதாரணமான மதிப்பெண் வாங்கி, சாதாரணமான வேலைக்குப் போக மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கும் உரிமை அவளுக்கும் வேண்டும்.

இங்கே வேறொரு பிள்ளையையும் நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பெண் பிள்ளையாகப் பதிவாகி, எப்போதும் துப்பட்டாவை இறுக்கிப் பின் குத்திக்கொண்டு, விளையாட்டு நாளில் மட்டும் முகம் மலர்ந்திருந்த ஒரு மாணவர். "கல்யாணம் பண்ணி வைக்காதீங்கன்னு எங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டார். படிப்பு ஆசையில் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். பதினெட்டு முடிந்த அடுத்த மாதமே திருமணம். திருநங்கைக்கு நேரும் அவமானம் தெருவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நடக்கிறது. பெண்ணாகப் பதிவாகித் தன்னை ஆணாக உணரும் திருநம்பிக்கு நேர்வது பெரும்பாலும் வீட்டுக் கதவுக்கு உள்ளே, திருமணம் என்ற பெயரில் நடக்கிறது. அதனால்தான் அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கு உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அவள் விண்ணப்பித்தபோது நடப்பில் இருந்த 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, உறுதிமொழிப் பத்திரத்தோடு இணையவழியில் விண்ணப்பித்தால், உடற்பரிசோதனை இல்லாமல் மாவட்ட ஆட்சியர் முப்பது நாளில் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். தந்தை கையெழுத்துப் போட மாட்டார், தாய்க்குத் துணிவில்லை என்பதால் பதினெட்டு முடியும் வரை காத்திருந்தோம். விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் நாளில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் பிறகு எல்லா இடத்திலும் துரத்தும் என்பதால், முடிகிற வீட்டில் அதற்கு முன்பே பேசத் தொடங்குவது நல்லது. உயர்கல்வி படிக்கும் திருநரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அவள் அந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள். மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தில் திருநங்கையரும் போகலாம். முதல் நாள் நடத்துநர் எதுவும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் என்பதை அவள் மூன்று முறை சொன்னாள்.

தந்தை மாறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடிப்பது நின்றது, பேச்சும் நின்றது. அவர் லாரியில் போயிருக்கும் நாட்களில் தாய், "வந்துட்டா டீச்சர், இந்தா குடுக்குறேன்" என்று தொலைபேசியை அவளிடம் கொடுப்பார். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் தாயின் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "காலேஜ் முடிஞ்சாச்சு", "சாப்பாடு ஆச்சு", "துணி துவைச்சாச்சு." ஆண்பாலும் சொல்லாமல், பெண்பாலும் சொல்லாமல், கணவனிடம் பொய்யும் பேசாமல், பிள்ளைக்குத் துரோகமும் செய்யாமல், எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தப் பெண் தமிழில் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. இருபத்துநான்கு ஆண்டு இலக்கணம் நடத்திய எனக்கு அது தோன்றியதில்லை.

சென்ற தீபாவளிக்கு முந்திய இரவு, மழை பிடித்திருந்தது. கல்லூரியிலிருந்து கிளம்பிவிட்டதாக மாலையிலேயே செய்தி அனுப்பியிருந்தவளிடமிருந்து பிறகு எதுவும் வராததால், ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்கு அழைத்தேன். எடுத்தவர் தந்தை. அவர் என்னோடு பேசி நான்கு ஆண்டு ஆகிறது. என்ன சொல்லி விசாரிப்பது என்று ஒரு நொடி திகைத்து, "பிள்ளை வீட்டுக்கு வந்தாச்சா?" என்று மட்டும் கேட்டேன். மழைச் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வந்தாச்சு டீச்சர்" என்றார்.